காணாமல் போன ஒன்பது கிலோமீட்டர்

ஜோகூர் மாநிலம் ஸ்கூடாயில் இருக்கும் தென்முனைத் தொழில்நுட்பக் கல்லூரியில் வேலைக்குச் சேர்வது சுலபம். ஒரு பட்டமும் இரண்டு புகைப்படமும் போதும். வேலையை விட்டுப் போவதுதான் சிரமம். போகிறவர் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு பொருளும் வந்த அன்று என்ன அளவில் இருந்ததோ அதே அளவில் இன்றும் இருக்கிறது என்று சொத்துப் பிரிவு எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் விடுவிப்புக் கடிதம்.

நர்மதா அங்கே இயற்பியல் ஆய்வக உதவியாளர். சிங்கப்பூரில் தண்ணீரைச் சோதிக்கும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சேரும்போது பழைய இடத்திலிருந்து கடிதம் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த அடுத்த ஆளாகப் பல நிறுவனங்களில் காத்திருந்து பார்த்தவள் நர்மதா. அந்த வரிசை எவ்வளவு ஆவலோடு நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சொந்த ஊரான யோங் பெங்கில் அவளுடைய அம்மா வேறு, பக்கத்து வீடு, எதிர் வீடு, சந்தை, கோயில் என்று செய்தியைச் சொல்லி முடித்துவிட்டார். இனிமேல் சிங்கப்பூர் போகாமல் இருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை சொத்துப் பிரிவின் தலைவர் ராஜசேகரன், அளவு நாடாவைப் பேண்ட் வாரில் மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். மேசைகளை அளந்தார். முக்காலிகளை அளந்தார். நுண்ணோக்கியைச் சாய்த்துப் பிடித்து அளந்தார். எல்லாம் சரியாக இருந்தன. நர்மதாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இந்த அளவெடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்லூரித் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய கண்ணப்பன், முன்பு தெப்ராவ் பக்கம் மரச்சாமான் கடை வைத்திருந்தவர். நல்ல கடை. அவர் கல்விக்குத் தொண்டு செய்ய முடிவெடுத்தபோது, கடையில் சரக்கைப் பதிந்து வைத்திருந்த கணினி அமைப்பையும் தம்மோடு கல்விக்கு அழைத்து வந்தார். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கட்டங்கள்: நீளம், அகலம், உயரம். எல்லாம் சென்டிமீட்டரில். மூன்றையும் நிரப்பாவிட்டால் அமைப்பு அந்தப் பொருளை ஏற்காது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் இது பொருத்தமாகவே இருந்தது. கல்லூரியில் காந்தம், அமில பாட்டில், இணைய இணைப்பு என்று வேறு சில பொருள்களும் இருந்தன. இணைய இணைப்புக்கு நீளமாகக் கம்பியின் நீளத்தைப் போட்டார்கள். உயரமாக, அதைப் பொருத்தக் கூரை ஏறிய ஆளின் உயரத்தைப் போட்டார்கள். அகலம் எவ்வளவு என்று தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. கணினியோடு வெளியே செருகும் வகை, உள்ளங்கையில் அடங்கும். நர்மதாவுக்கு முன்பு அங்கே வேலை பார்த்தவர் அதைப் பதிய உட்கார்ந்த அன்று கையில் நாடா இல்லை. திரையில் ஒரு புரோகிராம், அந்த டிஸ்க்கின் ஜியோமெட்ரி என்று மூன்று எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று எண்கள், மூன்று கட்டங்கள். அவர் எடுத்து நிரப்பிவிட்டார்.

பழைய காலத்துக் கணினிகள் ஒரு டிஸ்க்கைப் பார்த்ததும், உனக்குள் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்று கேட்கும். இந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கு அந்தக் கேள்விகளே பொருந்தாது. இருந்தாலும் பெரியவர்கள் கேட்கிறார்களே என்று மூன்று எண்களைச் சொல்லிவைப்பதுண்டு. அவ்வளவுதான் ஜியோமெட்ரி. ஆனால் கல்லூரிப் பதிவின்படி அந்த டிஸ்க்கின் நீளம் ஒன்பது லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து இருபத்தொரு சென்டிமீட்டர். அதாவது ஒன்பதரைக் கிலோமீட்டருக்கும் மேல். அகலம் பதினாறு சென்டிமீட்டர். உயரம் அறுபத்து மூன்று. ஆண்டுதோறும் ராஜசேகரன் வருவார், திரையைப் பார்ப்பார், எண்கள் பொருந்துகின்றன என்று கையெழுத்திட்டுவிட்டுப் போவார். மேசை இழுப்பறையில் ஒன்பதரைக் கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டதில்லை. சந்தேகப்படுவது தணிக்கைப் பிரிவின் வேலை.

“கடைசியா அந்த டிஸ்க் மட்டும் பார்த்துடலாம்மா” என்றார் ராஜசேகரன்.

நர்மதா டிஸ்க்கைச் செருகிப் புரோகிராமைத் திறந்தாள். ராஜசேகரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தார். பிறகு தம் கையில் இருந்த பதிவைப் படித்தார். மறுபடியும் திரையைப் படித்தார்.

“என்னம்மா இது. அறுபதாயிரத்து எண்ணூத்தி ஒண்ணுன்னு காட்டுது.”

நர்மதாவும் பார்த்தாள். அவளுக்கும் புரியவில்லை. “தெரியல சார். போன மாசம் பார்ட்டிஷன் மாத்தினேன். புது மெஷினுக்குத் தனி இடம் வேணும்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் செய்யல.”

“பார்ட்டிஷன்னா?”

“தடுப்பு மாதிரி சார். ஒரு ரூமை ரெண்டா தடுக்கிற மாதிரி.”

“தடுப்பு போட்டா வீடு சின்னதாயிடுமா?”

“ஆகாது சார்.”

“பிறகு ஒம்பது கிலோமீட்டர் எங்க போச்சு?”

அவர் அதை ஒரு நாற்காலி குறைகிறது என்று சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

நர்மதா டிஸ்க்கைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். “சார், இவ்வளவுதான் சார் இது. எப்பவும் இவ்வளவுதான் இருந்துச்சு.”

ராஜசேகரன் அவளைப் பரிவோடு பார்த்தார். “இது கையில இருக்கிறதும்மா. நான் சிஸ்டத்துல இருக்கிறதைக் கேட்கிறேன்.” பிறகு திரையை இன்னொரு முறை பார்த்தார். “அகலம் வேற கூடியிருக்கு. பதினாறு இருந்தது, இப்ப இருநூத்தி அம்பத்தஞ்சு. ரெண்டரை மீட்டர். நீளம் குறைஞ்சு அகலம் கூடுச்சுன்னா என்ன அர்த்தம்? அமுங்கியிருக்கு. ரொட்டி சானாய் மாவு மாதிரி. இது மேல யாராச்சும் உட்கார்ந்தாங்களா?”

“இல்ல சார்.”

“நீ?”

“இல்ல சார்.”

அவர் எழுதிக்கொண்டார். டிஸ்க்கைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டினார். ‘விசாரணையில் உள்ளது, அளவு மாற்றக் கூடாது’ என்று அதன் மேல் எழுதினார். சொத்துப் பிரிவின் கிடங்கில் அறுநூறு மீட்டர் நீளமுள்ள பொருளை வைக்க இடம் இல்லாததால், அதை நர்மதாவின் இழுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் நர்மதா வேறு வேலை பார்க்கவில்லை. எண்கள் ஏன் மாறின என்பது விடுவிப்புக் கடிதத்துக்கு மட்டுமல்ல, அவளுக்கே தெரிய வேண்டியிருந்தது. கையேடுகளைப் படித்தாள். மேசையில் கிடந்த ஒரு பழைய பென் டிரைவை எடுத்து, அதைப் பலமுறை பாகம் பிரித்துப் பார்த்தாள். மாலையில் பிடி கிடைத்தது. கணினி அந்த மூன்று எண்களை டிஸ்க்கிடம் கேட்பதே இல்லை. ஒவ்வொரு பாகமும் எங்கே முடிகிறது என்று டிஸ்க்கின் முதல் வரியில் எழுதியிருக்கும் குறிப்பைப் படித்து, அதிலிருந்து டிஸ்க்கின் வடிவத்தை ஊகிக்கிறது. முதலில் அந்தக் குறிப்பை எழுதிய புரோகிராம் பதினாறு ஹெட் என்ற கணக்கில் எழுதியது. அவள் பயன்படுத்திய புரோகிராம் இருநூற்று ஐம்பத்தைந்து என்ற கணக்கில் எழுதியது. டிஸ்க் அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றிய வதந்திதான் மாறியிருந்தது.

இதை அவள் ஒரு பக்கத்தில் எழுதி, புதன்கிழமை காலை ராஜசேகரனிடம் கொடுத்தாள். அவர் நின்றபடியே முழுவதும் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கே. ஆனா ஒம்பது கிலோமீட்டர் எங்கேன்னு இதுல இல்லையே.”

“அது இருந்ததே இல்ல சார்.”

“அப்படிச் சொல்லாதம்மா. ஏழு வருஷம் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.” அவர் தம்முடைய தாளை எடுத்தார். “நானும் ராத்திரி கணக்குப் போட்டேன். அமுங்கினதுதான்னா, நீளம் அகலம் உயரம் மூணையும் பெருக்கினா பழையதும் புதுசும் ஒண்ணா வரணும். வரல. அஞ்சாயிரத்து நூத்தி மூணு குறையுது. கன சென்டிமீட்டர். அதாவது அஞ்சு லிட்டர். அமுக்கினா கொள்ளளவு குறையாது. நீ பிஸிக்ஸ் படிச்ச பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா?”

அவர் சொன்ன இயற்பியலில் தப்பில்லை. நர்மதா வேறு வழியில் போய்ப் பார்த்தாள்.

“சார், பழைய எண்ணையே திரும்பக் கொண்டு வந்துடலாம். புரோகிராம்ல பதினாறுன்னு சொல்லி அந்தக் குறிப்பை மறுபடி எழுதினா போதும். உள்ள இருக்கிறது எதுவும் கெடாது. அஞ்சு நிமிஷ வேலை.”

ராஜசேகரன் அதிர்ந்தார். “விசாரணை நடக்கும்போதா? காணாமப் போன பொருள் தானா திரும்பி வந்தா, அப்புறம் விசாரணை எதுக்கு? நாளைக்கு டத்தோவே வந்து உட்காரப் போறாரு. அதுவரைக்கும் நீ எதையும் தொடக் கூடாது.”

ஐந்து லிட்டரைத் தேடும் பணி அன்றே தொடங்கியது. அந்தக் கட்டடத்தில் ஐந்து லிட்டர் பிடிக்கும் பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது துப்புரவுப் பணியாளர் கருப்பாயி தரை துடைக்கும் வாளி. ராஜசேகரன் கருப்பாயியையும் வாளியையும் ஆய்வகத்துக்கு வரவழைத்தார்.

“வாளில என்ன வெச்சிருந்தீங்க?”

“தண்ணி.”

“எவ்வளவு?”

“அஞ்சு லிட்டர் வாளில பத்து லிட்டரா வைப்பாங்க?”

“இந்த ரூமை எப்பத் துடைச்சீங்க?”

“தினம்தான் துடைக்கிறேன். நீங்கதான் தினம் வர்றதில்ல.”

“துடைச்ச தண்ணியை எங்க ஊத்துனீங்க?”

“லோங்காங்லதான். பிறகென்ன, கேண்டீன்லயா ஊத்துவாங்க?”

ராஜசேகரன் வெளியே போய், கட்டடத்தை ஒட்டி ஓடும் அந்தச் சாக்கடையின் முன் கொஞ்ச நேரம் நின்றார். அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தார். டிஸ்க்கின் ஒரு பகுதி வடிகால் வழியாகக் கல்லூரி எல்லையைத் தாண்டியிருக்க வாய்ப்புண்டு என்று எழுதினார்.

“ஏம்மா, என்னத்தைத் தேடறாரு இவரு?” என்று கருப்பாயி நர்மதாவிடம் மெல்லக் கேட்டாள்.

“ஹார்ட் டிஸ்க்ல அஞ்சு லிட்டர் குறையுதாம்க்கா.”

“ஒழுகுதா?”

“இல்லக்கா.”

“அப்ப நாளைக்கு வந்து என் இடுப்பை அளப்பாரு. அது சேர்ந்தப்ப இருந்த மாதிரி இல்ல.” அவள் வாளியை எடுத்துக்கொண்டாள். “நீ சிங்கப்பூர் போற பொண்ணாச்சே. வெள்ளிக்கிழமைக்குள்ள விடுவாங்களா?”

நர்மதா சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை விசாரணை கூட்ட அறையில் நடந்தது. நீண்ட மேசையின் தலைப்பில் டத்தோ கண்ணப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக்கு ஐந்து பேராகப் பிரிவுத் தலைவர்கள். நடுவில், ஒரு தட்டின் மேல், சிவப்பு நாடா சுற்றிய டிஸ்க். யாரும் அதைப் பார்க்கவில்லை; எல்லோரும் சுவரில் ராஜசேகரன் காட்டிய படத்தைப் பார்த்தார்கள். படத்தில் ஒரு நீண்ட மெல்லிய பட்டையும், அதற்குக் கீழே ஒரு குட்டையான அகலப் பட்டையும் இருந்தன. கீழே ஒரு வாளி.

ராஜசேகரன் காணாமல் போன நீளத்தைப் பற்றிப் பேசினார். வடிகாலைப் பற்றிப் பேசினார். டத்தோ கையை உயர்த்தினார்.

“அந்த ரெண்டாவது படம் என்ன?”

“அது இப்ப இருக்கிற அளவு டத்தோ.”

“அகலம் எவ்வளவு சொன்னே?”

“இருநூத்தி அம்பத்தஞ்சு டத்தோ.”

“முன்னால?”

“பதினாறு.”

டத்தோ நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தைப் பார்த்துப் பிரிவுத் தலைவர்களும் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள்.

“இந்தக் காலேஜை ஆரம்பிச்ச நாள்லேருந்து ஆண்டறிக்கையில விரிவாக்கம்னு ஒரு பக்கம் வெச்சிருக்கேன்” என்றார். “கஷ்டப்பட்டுத்தான் அதை நிரப்பிட்டு வர்றோம். போன வருஷம் கார் பார்க்ல புதுசா கோடு போட்டதைப் போட்டோம். அதுக்கு முந்தின வருஷம் என்னோட போட்டோவையே கொஞ்சம் பெருசு பண்ணிப் போட்டோம். இந்த வருஷம் ஒண்ணும் கிடைக்கல. நம்ம காலேஜ்ல எல்லாம் நீளமாத்தான் இருக்கு. கியூ நீளம், மீட்டிங் நீளம், நான் பேசினா அதுவும் நீளம். அகலமா ஒண்ணு காட்டுங்கன்னா யார்கிட்டயும் இல்ல. இங்க ஒரு பொண்ணு, ஒரு சென் செலவில்லாம, ஒரு ஆள் வெக்காம, பதினாறு மடங்கு விரிச்சிருக்கா. நீங்க என்னடான்னா அவளைக் கூட்டிட்டு வந்து வாளியைக் காட்டறீங்க.”

ராஜசேகரன் வாளிப் படத்தை எடுத்துவிட்டார்.

“நீளம் குறைஞ்சதுக்கு என்ன எழுதட்டும் டத்தோ?”

“சீரமைப்புன்னு எழுது.” டத்தோ நர்மதாவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இதே மாதிரி லைப்ரரியை விரிக்க முடியுமா?”

நர்மதா எழுந்து நின்றாள். “டத்தோ, அதுல புத்தகம்தான் இருக்கு.”

“புத்தகத்தை எடுத்துடலாம்மா. அது ஒரு பிரச்சினையா?”

பிரச்சினை இல்லை என்று நூலகப் பிரிவின் தலைவர் தலையசைத்தார்.

அங்கேயே தீர்மானங்கள் நிறைவேறின. டிஸ்க்கின் புதிய அளவு பதிவில் ஏற்றப்படும். படம் ஆண்டறிக்கையில் வண்ணத்தில் வெளிவரும். புதிதாக விரிவாக்கப் பிரிவு ஒன்று தொடங்கப்படும். அதற்கு நர்மதா தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். நர்மதா கை தட்டல் ஓயும்வரை நின்றாள். பிறகு தன் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் பேசிய மிக நீண்ட வாக்கியத்தைப் பேசினாள்.

“டத்தோ, எனக்குச் சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்கு, திங்கக்கிழமை சேரணும், நாளைக்கு எனக்கு ரிலீஸ் லெட்டர் வேணும்.”

டத்தோ சிரித்தார். “அலமாக், இவ்வளவு அகலம் பண்ணின ஆளை யாரும்மா வெளிய விடுவாங்க? அடுத்த காலாண்டுல கமிட்டி கூடும். அப்பப் பேசிக்கலாம்.”

வெள்ளிக்கிழமை காலை ஆய்வகக் கதவில் ‘தலைவர், விரிவாக்கப் பிரிவு’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். நர்மதா அதைத் தாண்டி நேராக ஊழியர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எல்லாக் கடிதங்களையும் தட்டச்சு செய்பவர் புஷ்பவள்ளி. கல்லூரியில் யார் எப்போது வந்தார், எப்போது போவார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

“ரிலீஸ் லெட்டருக்கு அஞ்சு பேர் கமிட்டிம்மா” என்றார் புஷ்பவள்ளி, கெரோபோக் வறுவல் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே. “ஒருத்தர் ஹஜ்ஜுக்குப் போயிருக்காரு. ஒருத்தர் ரிட்டையர் ஆயிட்டாரு, அவருக்கே இன்னும் ரிலீஸ் லெட்டர் வரல. நான் என்ன செய்ய?”

“ஏதாச்சும் ஒரு லெட்டர் இன்னிக்கே கிடைக்குமாக்கா? எந்த லெட்டரா இருந்தாலும் சரி.”

“இன்னிக்கேன்னா டிஸ்மிஸ் லெட்டர்தான் கிடைக்கும்.” புஷ்பவள்ளி தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார்.

நர்மதா சிரிக்கவில்லை. “அதுக்குக் கமிட்டி இல்லையா?”

“அதுக்கு எதுக்கும்மா கமிட்டி? பதிவுல இருக்கிறதைவிடச் சொத்து குறைஞ்சா அன்னைக்கே அனுப்பலாம்னு ரூல் இருக்கு. மூணு கையெழுத்தும் போட்டு ஒரு கட்டு இங்கேயே வெச்சிருக்காங்க. பேரும் காரணமும் தட்டினா முடிஞ்சது. இந்தக் காலேஜ்ல சுறுசுறுப்பா நடக்கிறது அது ஒண்ணுதான்.”

நர்மதா ஒரு கெரோபோக் எடுத்துக் கடித்தாள். சிங்கப்பூர் நிறுவனம் கடிதம் கேட்டது. எந்தக் கடிதத்தைக் கேட்டிருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். வேலையை விட்டு நீக்கப்பட்டவள் என்று எழுதிய தாளைப் பார்த்து அவர்கள் கதவைச் சாத்திவிடலாம். யோங் பெங்கில் அம்மா எந்த வரிசையில் சொன்னாரோ அதே வரிசையில் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் கடிதமே இல்லாவிட்டால் அடுத்த ஆள் வருவது உறுதி. இருந்தால், வராமல் இருக்க ஒரு வாய்ப்பு உண்டு.

அவள் ஆய்வகத்துக்குத் திரும்பினாள். இழுப்பறையைத் திறந்து, டிஸ்க்கின் மேல் இருந்த சிவப்பு நாடாவைக் கிழியாமல் உரித்து, மேசை ஓரத்தில் ஒட்டிவைத்தாள். டிஸ்க்கைச் செருகினாள். புரோகிராமிடம் பதினாறு என்று சொன்னாள். உறுதியா என்று அது கேட்டது. இந்த வாரத்தில் அவளிடம் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அது. ஆமாம் என்று விசையைத் தட்டினாள். உள்ளே இருந்த கோப்புகள் எல்லாம் திறக்கின்றனவா என்று சோதித்தாள். திறந்தன. பிறகு ராஜசேகரனின் அறைக்குப் போனாள்.

“சார், டிஸ்க் அகலம் குறைஞ்சிடுச்சு.”

ராஜசேகரன் ஓடி வந்தார். திரையைப் பார்த்து நெற்றியைத் துடைத்தார்.

“ரெண்டரை மீட்டர் எங்கம்மா?”

“பதினாறு சென்டிமீட்டர் ஆயிடுச்சு சார். நான்தான் செஞ்சேன்.”

“நீளம் ஒம்பது லட்சத்துச் சொச்சம் காட்டுது.”

“அதைத்தான் சார் நீங்க தேடிட்டு இருந்தீங்க.”

“அது செவ்வாய்க்கிழமை தேடினதும்மா. இப்பப் பதிவுல அறுநூறு மீட்டர்தான் இருக்கு. ஒம்பது கிலோமீட்டர் அதிகமா இருக்கு. அதிகமா இருந்தா அது வேற யாரோட சொத்தோ. எந்தக் காலேஜ்லேருந்து வந்துச்சோ.” அவர் யோசித்தார். கண்களில் மெல்ல ஒரு ஒளி வந்தது. “இதுக்கு ஒரு விசாரணை வைக்கணும்.”

விசாரணை என்றால் இன்னொரு வாரம். இன்னொரு வாளி.

“சார்,” என்றாள், “ஆண்டறிக்கை அச்சுக்குப் போயிடுச்சா?”

ராஜசேகரனின் ஒளி அணைந்தது. அது காலையிலேயே போய்விட்டிருந்தது, வண்ணத்தில். அவர் கைப்பேசியை எடுத்து டத்தோவை அழைத்தார். நிறைய நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். எதிர்முனையின் குரல் நர்மதாவுக்கும் கேட்டது.

“அச்சடிச்சதைப் பொய்ன்னு யாரு சொல்றது? அறிக்கை சரிதான். டிஸ்க்குதான் தப்பு. இப்ப விசாரணை வெச்சா நாலு பேருக்குத் தெரியும். அந்தப் பொண்ணை இன்னிக்கே அனுப்பு. அவ போயிட்டா, அவ செஞ்சதும் அவளோட போயிடும். நான் எத்தனை பிரச்சினையை இப்படித் தீர்த்திருக்கேன், உனக்குத் தெரியாதா?”

ராஜசேகரன் கைப்பேசியைப் பையில் போட்டார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

“நல்லாத்தான்மா விரிச்சே” என்றார். “ஏன் மறுபடி சுருக்கினே?”

புஷ்பவள்ளி கட்டிலிருந்து ஒரு தாளை உருவித் தட்டச்சு செய்து முடித்தபோது பொட்டலத்தில் கெரோபோக் மிச்சம் இருந்தது. கடிதத்தில் இப்படி இருந்தது: ‘கல்லூரியின் சொத்தான ஹார்ட் டிஸ்க் ஒன்றின் அகலத்தை இரண்டரை மீட்டரிலிருந்து பதினாறு சென்டிமீட்டராகக் குறைத்ததற்காகவும், அதன் நீளத்தை முன்னனுமதி இன்றி ஒன்பது கிலோமீட்டர் அதிகப்படுத்தியதற்காகவும், நீங்கள் இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.’

“முன்னனுமதின்னு நானாத்தான் சேர்த்தேன்” என்றார் புஷ்பவள்ளி. “படிக்க நல்லா இருந்துச்சு.”

நர்மதா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள். சாலையில் மாலை நெரிசல் தொடங்கியிருந்தது. கார்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. பேருந்து நிறுத்தத்தின் நிழலில் நின்று, சிங்கப்பூர் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் சூசனை அழைத்தாள். சூசனும் ஜோகூர்க்காரர்தான். நர்மதா அவரோடு இரண்டு முறை தொலைபேசியில் பேசியிருக்கிறாள். அதிகம் சிரிக்காதவர்.

“லெட்டர் கிடைச்சுதா?” என்றார் சூசன்.

பொய் சொல்லலாமா என்று நர்மதா ஒரு கணம் நினைத்தாள். சொல்லிப் பழக்கம் இல்லை. சொன்னாலும் திங்கட்கிழமை தாளைக் காட்டித்தான் ஆக வேண்டும். “ஒரு லெட்டர் கிடைச்சிருக்கு மேடம். ஆனா ரிலீஸ் லெட்டர் இல்ல. என்னை டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க.”

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த ஆளின் பெயரைத் தேடுகிறார் என்று நர்மதா நினைத்தாள்.

“எந்தக் காலேஜ்னு சொன்னீங்க?”

“தென்முனை, மேடம். ஸ்கூடாய்.”

“காரணம் என்ன போட்டிருக்காங்க? அப்படியே படிங்க.”

நர்மதா படித்தாள். பதினாறு சென்டிமீட்டரையும் ஒன்பது கிலோமீட்டரையும் முன்னனுமதியையும் ஒன்று விடாமல் படித்தாள். பக்கத்தில் பேருந்துக்கு நின்ற ஒரு மாணவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அவள் படிப்பதைக் கேட்டான்.

“சரி,” என்றார் சூசன். “ஒரிஜினலைக் கொண்டு வாங்க. திங்கக்கிழமை ஜாம் இருக்கும், சீக்கிரம் கிளம்பிடுங்க.”

நர்மதாவுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று தெரியவில்லை. “மேடம், இது டிஸ்மிஸ் லெட்டர்.”

“கேட்டுச்சு. உங்க காலேஜ் ஆளுங்க மூணு பேர் ஏற்கெனவே இங்க இருக்காங்க. ஒருத்தர் ஃபிரிட்ஜ்ல ஐஸ் உருகி உயரம் குறைஞ்சிடுச்சுன்னு டிஸ்மிஸ் ஆனவரு. இன்னொருத்தங்க சோப்பு தேய்ஞ்சதுக்கு. ரெண்டு பேரும் ரொம்ப நல்ல வேலைக்காரங்க.”

“மூணாவது ஆளு?”

சூசன் பெருமூச்சு விட்டார்.

“அவரு ஒருத்தருதான் முறையா ரிலீஸ் லெட்டரோட வந்தாரு. அவரை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னே தெரியல. வந்த நாள்லேருந்து எங்க மேசையெல்லாம் அளந்துட்டு இருக்காரு.”